மூன்றாவது முள்

கோடைப் புழுக்கம் தாங்காமல், ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் வீடுதோறும் மின்சார விசிறிகள் சுழல்கின்றன. மேஜை விசிறியின் பிளக்கில் மூன்றாவதாக ஒரு பருத்த முள் இருக்கிறதே, அது எதற்கு?

விசிறிக்குள் கம்பியின் உறை கிழிந்தால், 230 வோல்ட் மின்சாரம் இரும்புக் கூட்டில் ஏறிவிடும். அதைப் பச்சைக் கம்பி வழியே பூமிக்குக் கொண்டுசெல்வது அம்முள்ளே. மற்ற இரண்டினும் நீளமாதலால், முதலில் சேர்ந்து கடைசியில் பிரிகிறது. துவாரம் பொருந்தவில்லையென்று அதை வெட்டி எறிவோர், வீட்டுக் குழந்தையின் காவலனையே வெட்டுகிறார்கள். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவியும் இருந்தால் காவல் இரட்டிப்பாகும்.

ஸ்விட்சை மட்டும் நம்பற்க. பேஸ் கம்பியில் இருக்கவேண்டிய ஸ்விட்ச் நியூட்ரலில் இருந்தால், விசிறி நிற்கும்; அபாயம் நிற்காது. துடைக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள்; கூரை விசிறியானால் மெயினை அணையுங்கள். காற்று வாங்கப் போய் உயிரைக் கொடுக்கலாகாது.