இதய அறுவையும் மூளையின் நலமும்

இருபதாம் நூற்றாண்டின் மருத்துவ வெற்றிகளுள் தலையாயது இதய அறுவை மருத்துவம் எனலாம். 1953ஆம் ஆண்டு மே 6ஆம் நாள், அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில், ஜான் கிப்பன் என்னும் மருத்துவர் தாம் உருவாக்கிய இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையால் 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதயத்திலிருந்த துளையை அடைத்தார். அன்று திறந்த கதவின் வழியே இலட்சக்கணக்கானோர் உயிர் பிழைத்துள்ளனர்.

ஆனால், இதயம் தேறியபின் சிலருக்குப் புதியதொரு குறை தோன்றுகிறது. தெரிந்தவர் பெயர் நினைவுக்கு வருவதில்லை. கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் மனம் ஒன்றுவதில்லை. இதற்குக் காரணம் என்ன?

நம் உடல் எடையில் மூளையின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆயினும் உடல் ஏற்கும் பிராணவாயுவில் 20 விழுக்காட்டை அதுவே செலவிடுகிறது. அறுவையின்போது பெருந்தமனியைக் கவ்வியால் இறுக்குகையில், அதன் சுவரில் படிந்த கொழுப்புத் துணுக்குகள் பெயர்ந்து மூளையின் நுண்குழாய்களை அடைக்கக்கூடும். காற்றுக் குமிழ்களும், இரத்த அழுத்தக் குறைவும், உடலில் எழும் அழற்சியும் இத்துடன் சேர்ந்துகொள்கின்றன.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 261 நோயாளிகளை ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது 53 விழுக்காட்டினரிடம் அறிவாற்றல் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது 24 விழுக்காடாக இறங்கியது; ஐந்தாண்டு கழித்தோ 42 விழுக்காடாக ஏறியது!

அப்படியானால் இயந்திரம்தான் குற்றவாளியா? அவசரப்பட்டுத் தீர்ப்புக் கூறலாகாது. நெதர்லாந்து நாட்டில், இயந்திரத்துடனும் இயந்திரமின்றியும் அறுவை பெற்றோரை ஒப்பிட்டபோது, ஐந்தாண்டுக்குப் பின் இரு சாராரிடமும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. அறுவையே செய்துகொள்ளாத இதய நோயாளிகளிடமும் காலப்போக்கில் இத்தகைய தளர்ச்சி காணப்பட்டது. எனவே, நீண்டகாலத் தளர்ச்சிக்கு இரத்தக்குழாய் நோயே பெருங்காரணம் எனப் பல ஆய்வாளர் கருதுகின்றனர்.

மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கழுத்துத் தமனியில் செய்யும் அறுவையோ இருமுனைக் கத்தி போன்றது. அடைப்பை நீக்கும்வரை அத்தமனியில் இரத்த ஓட்டத்தைச் சற்று நேரம் தடுக்க வேண்டியுள்ளது, துணுக்குகளும் பெயரலாம். அடைப்பு நீங்கியபின் மூளைக்கு இரத்தம் தாராளமாகச் செல்வதால் சிலருடைய அறிவாற்றல் மேம்படுவதும் உண்டு. பக்கவாதத்தைத் தடுப்பதே இவ்வறுவையின் முதன்மை நோக்கம்.

ஆகவே, அறுவைக்கு அஞ்சி உயிரை இழப்பது அறிவுடைமை ஆகாது. அறுவை முடிந்த சில நாள் நோயாளி குழம்பிப் பேசினால், 'புத்தி பேதலித்துவிட்டது' என்று வீட்டார் கலங்காது மருத்துவரிடம் கூறுதல் வேண்டும். அக்குழப்பம் பெரும்பாலும் தணிந்துவிடும். புகையை விலக்கி, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைத்தால் இதயமும் மூளையும் ஒருங்கே நலம் பெறும். இரண்டையும் வளர்ப்பது ஒரே குருதியன்றோ!