முறுக்கொளியும் செய்திப் போக்கும்

சங்கிலே வலம்புரி, இடம்புரி என இருவகை உண்டென்பதைத் தீவகத்துச் சிறுவரும் அறிவர். ஒளிக்கும் அவ்வாறு புரியுண்டு எனின் வியப்பாகத் தோன்றும். ஆயினும் அஃது உண்மை. அப்புரியைச் செய்தி சுமக்கும் கருவியாக்க அறிஞர் முயன்று வருகின்றனர்.

இன்று கடலடியிற் கிடக்கும் மயிரிழை போன்ற கண்ணாடி நார்களே நாடுகளிடையே பெரும்பாலான செய்திகளைச் சுமக்கின்றன. ஒரே நாரிற் பல அலைநீள ஒளிகளை ஒருங்கே செலுத்தியும், அலையின் அதிர்வுத் திசையை வேறுபடுத்தியும் அதன் கொள்ளளவைப் பெருக்கினர். தேவையோ மேன்மேலும் வளர்கின்றது. எனவே வேறொரு வழியும் தேடப்பட்டது.

சாதாரண ஒளிக்கற்றையின் அலைமுகம், தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வது போன்றது. முறுக்கொளியின் அலைமுகமோ திருகாணியின் புரிபோலச் சுழன்று செல்லும். அதன் நடு அச்சில் ஒளியில்லை. ஆதலின் திரையில் வளையமாக விழும். கயிறு திரிப்போர் ஒருபுரி, இருபுரி, முப்புரி எனத் திரிப்பதுபோல ஒளியையும் வலமாகவோ இடமாகவோ திரிக்கலாம். புரியெண் வேறுபட்ட கற்றைகள் ஒரே நிறத்தனவாய் ஒரே வழியிற் சென்றாலும் தம் வேறுபாட்டை இழப்பதில்லை. எதிர்முனையில் ஒரு கற்றையை அதன் புரிக்கு எதிராக முறுக்கவிழ்த்தால், அது மட்டும் நடுப்புள்ளியாகக் குவியும். ஏனையவை வளையங்களாகவே நிற்கும். இவ்வாறு செய்திகள் பிரித்தறியப்படும்.

இவ்வொளிக்கு அதன் முறுக்கினாலே கோண உந்தம் உண்டென்பதை 1992 இல் லெய்டன் நகரில் ஆராய்ந்த அலன் முதலியோர் விளக்கினர். 2012 இல் தென் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தார் முதலியோர், ஆய்கூடத்தில், செக்கனுக்கு இரண்டரை இலட்சம் கோடிக்கு மேற்பட்ட குறிகளை அனுப்பிக் காட்டினர். 2013 இல் பொஸ்ரன் பல்கலைக்கழகத்தார் முதலியோர் இதற்கெனச் செய்த நாரில் 1.1 கிலோமீற்றர் அனுப்பினர்.

தீவகத்தார்க்கு மிக அணுக்கமானது வியன்னா அறிஞர் செய்த சோதனை. கனேரித் தீவுகளாகிய லா பால்மாவுக்கும் தெனெரீபுக்கும் இடையே 143 கிலோமீற்றர் முறுக்கொளி சென்றதை அவர்கள் 2016 இல் வெளியிட்டனர். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இடைப்பட்ட கடல் இத்தூரத்தில் ஒரு சிறு பங்கே. எனினும் அவசரப்பட்டு மகிழ்தல் கூடாது. அங்கே ஒளி புறப்பட்டதும் சேர்ந்ததும் ஏறக்குறைய 2,400 மீற்றர் உயரமான மலைகளில். நம் தீவுகளோ தட்டை நிலங்கள். நண்பகலிற் கடல்மேற் கானல் நெளிவதைக் கண்டோர், அக்காற்றிற் புரிகள் எவ்வாறு குலையும் என்பதை உணர்வர். சாதாரண நாரிலும் புரிகள் கலந்துவிடுகின்றன. மேலும், புரி கூடுந்தோறும் வளையம் விரிவதால் பெரிய ஏற்பிகளும் வேண்டும்.

ஆகவே புரியெண்ணுக்கு எல்லையில்லை என்பது கணிதம். குலையாது கொண்டுசேர்ப்பதே தொழில். கடல் கொந்தளித்துப் படகுகள் நிற்கும் நாளிற் செய்தியின் அருமை நெடுந்தீவாருக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. அவ்வருமை அறிந்த மாணவரே இத்துறையிற் புகுந்து, தமிழிலே சிந்தித்து, இவ்விடரைத் தீர்க்க முயல்வாராக.