வாய்த் தூய்மையும் வாய் தரும் எச்சரிக்கையும்

இறைவனின் திருமுன் தொழ நிற்பவர் முதலில் ஒளூச் செய்கின்றார். கைகளைக் கழுவியதும் வாயில் நீரெடுத்துக் கொப்பளிக்கின்றார். மும்முறை கொப்பளிப்பது நபிவழி. ஐவேளைத் தொழுகைக்கும் தனித்தனியே ஒளூச் செய்பவர் நாளொன்றுக்கு 15 முறை வாயைக் கழுவுகின்றார். திருக்குர்ஆனை ஓதும் நாவும், ஸலாம் உரைக்கும் உதடுகளும் இவ்வளவு பேணுதலுக்கு உரியவையே.

மக்களுக்குச் சிரமமாகிவிடும் என்னும் அச்சம் இல்லாதிருப்பின் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்கும்படி கட்டளையிட்டிருப்பேன் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியுள்ளார்கள். மிஸ்வாக் வாயைத் தூய்மையாக்குவது, இறைவனின் பொருத்தத்தைப் பெற்றுத் தருவது என்பதும் அன்னார் போதித்ததே. வெள்ளிக்கிழமைக்குரிய ஒழுக்கங்களாகக் குளிப்பையும் நறுமணத்தையும் சொல்லும் ஹதீஸ், பல் துலக்குவதையும் அவற்றோடு சேர்த்தே சொல்கின்றது.

எனினும் நாம் வாயைக் கழுவுகின்றோமேயன்றி, அதனை உற்று நோக்குகின்றோமா? நோய் தொடங்கும்போது வாய் சில அடையாளங்களைக் காட்டுகின்றது. அவற்றை அறியாமலும், அறிந்தும் மறைத்தும் நாட்களைக் கடத்துவதால் எளிதில் தீர வேண்டிய நோய் உயிருக்கே உலை வைக்கின்றது.

ஈறுகளின் குரல்

பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிவது பலரும் பொருட்படுத்தாத ஒன்று. பல்லின் அடியில் படியும் அழுக்கு நாளடைவில் இறுகிக் காரையாகின்றது. அதனால் ஈறு சிவந்து வீங்குகின்றது. பின்னர்ப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடுகின்றது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இத்தொல்லை மிகுதி. அடங்காத ஈறுநோய் இரத்தத்திலுள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்குகின்றது.

ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரருகே வாழ்ந்து 1013ஆம் ஆண்டளவில் மறைந்த முஸ்லிம் அறுவை மருத்துவர் அஸ்ஸஹ்ராவி, இக்காரை ஈறுகளைக் கெடுப்பதைத் தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் விளக்கி, அதைச் சுரண்டி எடுக்கும் கருவிகளையும் படம் வரைந்து காட்டியுள்ளார். இன்றைய பல் மருத்துவர் செய்வதும் அதே பணியே. காரையை அகற்றினால் பல் தளர்ந்துவிடும் என்று அஞ்சுவது தவறு. பல்லைத் தளரச் செய்வது காரையே.

அஞ்ச வேண்டிய அடையாளங்கள்

சாதாரண வாய்ப்புண் எரிச்சலும் வலியும் தரும். பெரும்பாலும் இரு வாரங்களுக்குள் ஆறிவிடும். இரு வாரங்கள் கடந்தும் ஆறாத புண், வலி இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியதாகும். வாய்ப் புற்றுநோய் தொடக்கத்தில் வலியின்றியும் இருக்கும். “வலியில்லையே” என்று ஆறுதல் கொள்வதுதான் பலர் ஏமாறும் இடம்.

துடைத்தாலும் போகாத வெண்திட்டும் கவனத்திற்குரியது; வெல்வெட்டுப் போன்ற செந்திட்டு அதனினும் ஆபத்தானது. தடிப்பு, கட்டி, காரணமின்றி ஆடும் பல், நாவில் மரப்பு, விழுங்குவதில் தடை, கழுத்தில் கரையாத நெறி ஆகியவற்றையும் புறக்கணித்தல் ஆகாது. உடைந்த பல்லின் கூர்முனையோ, பொருந்தாத கட்டுப்பல்லோ ஒரே இடத்தை உரசிப் புண்ணாக்கினால் அதனை உடனே சரிசெய்தல் வேண்டும்.

வெற்றிலைத் தட்டு

நிக்காஹ் வைபவத்திலும் விருந்திலும் வெற்றிலை பாக்கு வைப்பது நம் வழக்கம். வீட்டு மூதாட்டியர் சிலருக்கு அது ஓயாத துணை. புகையிலை சேர்ப்பதே கேடு, வெறும் பாக்கினால் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். பாக்கே புற்றுநோயை விளைவிக்கும் என்பதைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் தெளிவாக்கிவிட்டது. புகையிலை சேருமாயின் ஆபத்து பன்மடங்காகின்றது.

பாக்கினால் வரும் மற்றொரு நோய், வாயின் உட்சதை நாராக இறுகிப் போவது. 1952இல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இந்நோய் கண்டு விவரிக்கப்பட்டது. முதலில் காரமான உணவு பட்டால் வாய் எரியும். பின்னர்க் கன்னத்தின் உட்புறம் வெளுத்து விறைக்கும். வாய் திறப்பது சிறிது சிறிதாகக் குறையும். தம் கைவிரல்கள் மூன்றை நிமிர்த்தி முன்பற்களுக்கிடையே வைக்க இயலாதவர் மருத்துவரை நாட வேண்டும். பாக்கை விட்டொழிப்பதே இதற்கு முதல் மருந்து. பொட்டலங்களில் விற்கும் பாக்குத் தூளைச் சிறுவர்களும் மெல்லும் காலம் இது. பெற்றோர் கண்காணித்தல் கடமை. தம் கைகளாலேயே தம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்னும் அருள்மறையின் எச்சரிக்கையை (2:195) இங்கு நினைவுகூர்தல் தகும்.

நாணம் தடையாகலாமா?

வாயில் புண் கண்டும் வெளியே சொல்லாத தாய்மார்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகளுக்குச் செலவு வைப்பானேன் என்பது ஒரு தயக்கம்; அந்நிய ஆடவரான மருத்துவர் முன் முகம் காட்டுவதா என்பது மற்றொன்று. பெண் மருத்துவரை நாடலாம். கிடைக்காத இடத்தில் மஹ்ரமான உறவினரின் துணையோடு ஆண் மருத்துவரிடம் தேவையான அளவு காட்டிச் சிகிச்சை பெற மார்க்கம் அனுமதிக்கின்றது. போர்க்களத்தில் காயமுற்றோர்க்கு ருபைய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) போன்ற நபித்தோழியர் மருந்திட்டதை ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. மருந்தில்லா நோயை இறைவன் இறக்கவில்லை என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்க, மறைத்து வாடுவது பொறுமை ஆகாது.

வெள்ளிதோறும் ஒரு பார்வை

ஜும்ஆவுக்குக் குளித்துப் பல் துலக்கும் நாளில், நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று சிறிது நேரம் ஒதுக்குவோம். கட்டுப்பல் இருப்பின் கழற்றிவிட வேண்டும். உதடுகளின் உட்புறம், ஈறுகள், இரு கன்னங்கள், நாவின் மேலும் கீழும் இரு ஓரங்களும், மேலண்ணம் என வரிசையாகப் பார்த்து, கழுவிய விரலால் தடவியும் அறிய வேண்டும். கண் மங்கிய முதியோர்க்குப் பிள்ளைகளோ பேரர்களோ பார்த்துச் சொல்லட்டும். பெற்றோர்க்குச் செய்யும் பணிவிடைகளுள் இதுவும் ஒன்று.

பெருமானார் (ஸல்) அவர்கள் இவ்வுலகைப் பிரியும் வேளையில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் நெஞ்சில் சாய்ந்திருந்தார்கள். உள்ளே வந்த அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்த மிஸ்வாக்கின் மீது அன்னாரின் பார்வை சென்றது. குறிப்பறிந்த அன்னையார் அதை வாங்கித் தம் பற்களால் மென்மையாக்கிக் கொடுக்க, பெருமானார் (ஸல்) அவர்கள் பல் துலக்கினார்கள். இறுதி வேளையிலும் அவர்கள் கைவிடாத தூய்மையை, உடல்நலம் இருக்கும்போதே நாம் பேண வேண்டாமா? நம் உடல் இறைவன் தந்த அமானிதம். அதனைக் காக்கும் அறிவையும், நோயுற்றோர்க்கு நலத்தையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.