கணக்குப் பார்க்காமல் புறப்பட்ட போர்

ஒரு வீட்டின் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்தாலே போதும். அந்த வீட்டாரின் உள்ளம் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு முன்னே எந்தச் செலவு எழுதப்பட்டிருக்கிறது, வயதான தாயின் மருந்துக்கு என்ன ஒதுக்கப்பட்டிருக்கிறது, வட்டிக்குக் கடன் வாங்கியது எதற்காக என்பவை யாவும் மறைக்க முடியாதபடி அங்கே பதிந்திருக்கும். நாட்டுக்கும் இதுவே பொருந்தும். ஆட்சியாளர் மேடையில் பேசுவது ஒன்றாகவும், வரவு செலவுத் திட்டத்தில் எழுதுவது வேறாகவும் இருக்கும்போது, நாம் நம்பவேண்டியது கணக்கையே.

லூக்காஸ் நற்செய்தியின் 14-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் கூறிய சிறு உவமை ஒன்று உண்டு. இருபதினாயிரம் பேருடன் வரும் பகைவனைப் பதினாயிரம் பேருடன் எதிர்க்கப் போகும் அரசன், முதலில் அமர்ந்து தன்னால் இயலுமா என ஆராய்வான். இயலாதெனக் கண்டால் சமாதானம் கேட்டுத் தூதனுப்புவான். சீடனாக வாழ்வதற்குரிய விலையை உணர்த்தவே ஆண்டவர் இதைச் சொன்னார். ஆயினும், போர் தொடுக்கும் அரசுகளுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. உலகிலேயே செல்வமும் படைபலமும் மிகுந்த அமெரிக்க ஐக்கிய நாடு, 2003-ஆம் ஆண்டில் ஈராக்கின்மீது படையெடுத்தபோது, அமர்ந்து கணக்குப் பார்க்க மறுத்தது. அந்த மறுப்பின் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

கணக்குச் சொன்னவர் வெளியேறினார்

2002 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் பொருளாதார ஆலோசகராயிருந்த லாரன்ஸ் லிண்ட்சே, ஈராக் போருக்கு 10,000 கோடி முதல் 20,000 கோடி டாலர் வரை செலவாகலாம் என்று ஒரு பத்திரிகைப் பேட்டியில் கூறினார். அந்த மதிப்பீடு வெள்ளை மாளிகைக்கு உவப்பாயில்லை. டிசம்பரில் அவர் பதவியை விட்டு வெளியேறினார். அதே மாத இறுதியில், வரவு செலவு அலுவலகத் தலைவரான மிட்ச் டேனியல்ஸ், 5,000 அல்லது 6,000 கோடி டாலரில் காரியம் முடியும் என்று தெரிவித்தார். போர் தொடங்கிய சில நாட்களில், பாதுகாப்புத் துணை அமைச்சர் பால் உல்ஃபோவிட்ஸ், ஈராக் தன் எண்ணெய் வருவாயைக் கொண்டே விரைவில் தன்னைச் சீரமைத்துக்கொள்ளும் என்று மக்களவையினரிடம் நம்பிக்கையூட்டினார்.

எச்சரித்தவர்கள் இல்லாமலில்லை. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 2003 ஜனவரி 13 அன்று பல நாட்டுத் தூதர்களிடம் உரையாற்றியபோது, போர் எக்காலும் மனிதகுலத்தின் தோல்வியே என்பதை அழுத்தந்திருத்தமாக எடுத்துரைத்தார். அவ்வாண்டு திருநீற்றுப் புதனாகிய மார்ச் 5 அன்று, அவருடைய தூதுவராகக் கர்தினால் பியோ லாகி வெள்ளை மாளிகைக்குச் சென்று புஷ்ஷைச் சந்தித்தார். முன்பு வாஷிங்டனில் திருத்தந்தையின் தூதராகப் பணியாற்றிய கர்தினால், புஷ் குடும்பத்தாருக்கு நெடுநாள் நண்பர். நண்பரின் சொல்லும் ஏறவில்லை. இரண்டே வாரத்தில் குண்டுகள் விழத் தொடங்கின.

போருக்குக் காரணமாகக் காட்டப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல்கள் ஈராக்கில் இல்லை என்பதை, அமெரிக்க அரசே அனுப்பிய ஆய்வுக் குழு 2004-ஆம் ஆண்டில் அறிவித்தது.

வரியைக் குறைத்து, கடனைக் கூட்டி

2003 மே முதல் நாளன்று, விமானந்தாங்கிக் கப்பலொன்றின் மேல்தளத்தில் நின்று, பெரும் போர் நடவடிக்கைகள் முடிந்தன என்று புஷ் முழங்கினார். அதே மே மாதம் 28-ஆம் நாள் அவர் வேறொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். பங்கு ஈவுக்கும் மூலதன ஆதாயத்துக்குமான வரியைக் குறைத்த சட்டம் அது. 2001-இல் ஒரு பெரிய வரிக்குறைப்பு நடந்திருக்க, இது அதன்மேல் வந்த இரண்டாவது சலுகை. பங்குகளை வைத்திருப்போர் யார்? பெரும்பாலும் வசதி படைத்தோரே.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா வரிகளை உயர்த்தியது. வியட்நாம் போரின் பளு தாங்காமல் 1968-இல் வருமான வரியின்மேல் பத்து விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. வரி கசப்பானதுதான், ஆனால் அந்தக் கசப்பு, போர் நடக்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டுக்கும் உணர்த்தும். இம்முறையோ போர்ச் செலவில் பெரும்பகுதி, வழக்கமான வரவு செலவுத் திட்டத்துக்கு வெளியே, அவசர ஒதுக்கீடு என்ற பெயரில் ஆண்டுதோறும் கேட்டுப் பெறப்பட்டது. பணம் கடனாக வந்தது. 2000-ஆம் ஆண்டில் 23,600 கோடி டாலர் உபரி காட்டிய அமெரிக்கக் கருவூலம், 2004-இல் 41,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட பற்றாக்குறையில் நின்றது.

இரத்த வரியும் எல்லார்மீதும் விழவில்லை. கட்டாயப் படைச்சேர்ப்பு 1973-லேயே நிறுத்தப்பட்டுவிட்டதால், தாமாக முன்வந்து படையில் சேர்ந்தவர்களே திரும்பத் திரும்பப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். மக்கள்தொகையில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லாத சிறு பிரிவினரின் வீடுகளில் கண்ணீர் வடிந்தது; மற்ற வீடுகளில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. எவரும் விலை கொடுக்காததுபோல் தோன்றும் போரை நிறுத்தும்படி எவர்தாம் கேட்பார்?

ஓர் அக்டோபர் மாதம்

நாட்டின் கணக்கு நோட்டில் அதன் உள்ளம் தெரியும் என்று மேலே சொன்னோம். அமெரிக்காவின் உள்ளத்தைக் காட்டிய பக்கம் 2007 அக்டோபர் மாதத்தில் எழுதப்பட்டது.

அந்நாட்டில் மருத்துவச் செலவு மிக அதிகம். காப்பீடு இல்லாத குடும்பத்தில் ஒரு குழந்தை நோயுற்றுப் படுத்தால், சேமிப்பெல்லாம் கரைந்துவிடும். பரம ஏழைகளுக்கு அரசு உதவித் திட்டம் உண்டு. வசதியுள்ளோர் தாமே காப்பீடு வாங்குவர். இடையில் நின்று தவிக்கும் உழைக்கும் குடும்பங்களின் குழந்தைகளுக்காக 1997-இல் ஒரு காப்பீட்டுத் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. இதை விரிவுபடுத்தி, மேலும் ஏறத்தாழ 40 இலட்சம் குழந்தைகளைச் சேர்க்கும் மசோதா 2007-இல் இரு கட்சியினரின் ஆதரவோடும் நிறைவேறியது. ஐந்து ஆண்டுகளுக்குக் கூடுதல் செலவு 3,500 கோடி டாலர். அந்தப் பணத்துக்கும் வழி சொல்லப்பட்டிருந்தது: சிகரெட்டு மீதான வரியை உயர்த்துவது. கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கமும் இம்மசோதாவை ஆதரித்தது.

அக்டோபர் 3 அன்று புஷ் அதை நிராகரித்தார். தனியார் காப்பீட்டை வாங்க இயன்ற நடுத்தரக் குடும்பங்களையும் இது அரசின் பொறுப்பில் சேர்த்துவிடும் என்பது அவர் கூறிய காரணம். தம் பங்குக்கு அவர் முன்மொழிந்த உயர்வு ஐந்து ஆண்டுகளுக்கு 500 கோடி டாலர். நிராகரிப்பை மீறிச் சட்டமாக்க மக்களவையில் மூன்றில் இரு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. 13 வாக்குகள் குறைந்தன.

அதே மாதம் 22-ஆம் நாள், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் முதலியவற்றுக்காக, ஓர் ஆண்டுக்குமட்டும் மொத்தம் 19,600 கோடி டாலர் வேண்டுமென அவர் கேட்டார். அப்போது ஈராக் போரின் மாதச் செலவு ஏறக்குறைய 1,000 கோடி டாலர். அதாவது, 40 இலட்சம் குழந்தைகளுக்கு ஐந்து ஆண்டு மருத்துவம் அளிக்கக்கூடிய தொகை, போர்க்களத்தில் நான்கு மாதத்தில் தீர்ந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கான செலவுக்கு வரவு எங்கே என்று கேட்டவர்கள், அதற்கு விடையும் கிடைத்தபின் மறுத்தார்கள். போருக்கான செலவுக்கு வரவு எங்கே என்று கேட்கவே இல்லை.

புயலில் தெரிந்த உண்மை

2005 ஆகஸ்டு 29 அன்று கத்ரீனா சூறாவளி லூசியானா கரையைத் தாக்கியது. நியூ ஆர்லியன்ஸ் நகரின் கரைகள் உடைந்து, நகரத்தில் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கியது. கார் உள்ளவர்கள் முன்கூட்டியே வெளியேறினர். இல்லாதவர்கள் கூரைமேல் ஏறிக் கைவீசி நின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் ஏழைகள், கறுப்பினத்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய பேரிடர்களில் மக்களைக் காப்பதற்கென்றே மாநிலத்துக்குரிய காவற்படை ஒன்று உண்டு. லூசியானாவின் அப்படையினரில் ஏறத்தாழ 3,000 பேர், தம் வாகனங்களோடும் கருவிகளோடும், அந்த வேளையில் ஈராக்கில் இருந்தார்கள்.

போரிலே புண்பட்டு மீண்டவர்களுக்கேனும் உரிய மதிப்புக் கிடைத்ததா? 2007 பிப்ரவரியில், தலைநகரிலுள்ள வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையின் ஒரு கட்டடத்தில், காயமுற்ற வீரர்கள் பூஞ்சை படிந்த சுவர்களுக்கிடையே அலைக்கழிக்கப்படுவதை ஒரு நாளிதழ் வெளிப்படுத்தியது. நாடு அதிர்ந்தது; தரைப்படை அமைச்சர் பதவி விலகினார். வீரரைப் புகழ்ந்து பேசச் செலவில்லை. அவரைப் பேணுவதற்குத்தான் செலவு. அந்தச் செலவு போரின் தொடக்கக் கணக்கில் எழுதப்படவில்லை.

நோபெல் பரிசு பெற்ற பொருளியலறிஞர் ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், லிண்டா பில்ம்ஸ் என்னும் அறிஞருடன் சேர்ந்து 2008-இல் இந்த விடுபட்ட கணக்கை எழுதினார். ஊனமுற்ற வீரர்களுக்கு வாழ்நாள் முழுவதும் தரவேண்டிய உதவி, கடனுக்கு வட்டி, பொருளாதாரத்துக்கு நேர்ந்த இழப்பு ஆகியவற்றைக் கூட்டினால், போரின் விலை மூன்று இலட்சம் கோடி டாலர் என்பது அவர்கள் முடிவு. டேனியல்ஸ் சொன்னதைப்போல் அது ஐம்பது மடங்கு.

சரிந்த வீடுகள்

2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய முதலீட்டு நிறுவனம் திவாலானது. அடுத்த நாள் ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்தைக் காக்க 8,500 கோடி டாலர் வழங்கப்பட்டது. அக்டோபர் 3 அன்று, வங்கிகளை மீட்க 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கும் சட்டம் கையெழுத்தானது. குழந்தைகளுக்கான மசோதா நிராகரிக்கப்பட்டு அன்றோடு சரியாக ஓராண்டு.

ஈராக் போரே இந்த நெருக்கடிக்குக் காரணம் என்று கூறுவது உண்மையாகாது. திருப்பித் தர இயலாதவர்களுக்கும் வீட்டுக் கடனை அள்ளிக் கொடுத்ததும், அக்கடன்களைப் பங்கிட்டு உலகெங்கும் விற்றதும், மேற்பார்வை செய்யவேண்டிய அரசு கண்மூடி இருந்ததும் முதன்மையான காரணங்கள். 2003-இல் ஒரு விழுக்காடாக இருந்த அடிப்படை வட்டி, 2006-இல் ஐந்தேகால் விழுக்காடானபோது, கடன் வாங்கிய எளியோர் தவணை கட்ட முடியாமல் வீடிழந்தனர். ஆயினும், புயல் வந்த வேளையில் களஞ்சியம் வெறுமையாயிருந்ததற்குப் போருக்கும் பங்குண்டு. புஷ் பதவியேற்றபோது ஏறத்தாழ 6 இலட்சம் கோடி டாலராயிருந்த நாட்டுக் கடன், அவர் விலகியபோது 10 இலட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. 80 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலை இழந்தனர். 2009 அக்டோபரில் வேலையின்மை பத்து விழுக்காட்டைத் தொட்டது.

மக்கள் 2006-இலும் 2008-இலும் தம் வாக்குகளால் விடை பகர்ந்தனர். புதிய குடியரசுத் தலைவர் பராக் ஒபாமா, பதவியேற்ற பதினைந்தாம் நாளே, 2009 பிப்ரவரி 4 அன்று, குழந்தைகள் காப்பீட்டு விரிவாக்கத்தில் கையெழுத்திட்டார். சிகரெட்டு வரியே அதற்கும் வருவாயாயிற்று. அன்றே முடிந்திருக்கக்கூடிய காரியம்! இடையில் கழிந்த பதினாறு மாதங்களில் மருத்துவரிடம் செல்லாமல் காய்ச்சலோடு கிடந்த பிள்ளைகளின் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்?

பெரிய விலை கொடுத்தோர்

அமெரிக்கரின் இழப்பை மட்டும் எண்ணி நிறுத்திவிட்டால், நாமும் பாதிக் கணக்கே பார்த்தவர்களாவோம். ஏறத்தாழ 4,500 அமெரிக்கப் படையினர் ஈராக்கில் உயிரிழந்தனர். ஈராக்கியப் பொதுமக்களோ ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். 2007-ஆம் ஆண்டளவில் 40 இலட்சம் பேர் வீடு துறந்து அலைந்தனர். அப்போஸ்தலர் காலந்தொட்டு விசுவாசம் தழைத்த அந்த மண்ணில், கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாய் வெளியேறினர். மோசூல் நகரின் கல்தேய பேராயர் பவுலோஸ் பராஜ் ராஹோ 2008 பிப்ரவரியில் கடத்தப்பட்டு, மார்ச் 13 அன்று பிணமாக மீட்கப்பட்டார். 2021 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் மோசூலின் இடிந்த கோவில்களுக்கு நடுவே நின்று செபித்தபோது, 2003-இல் கேளாத செவிகளில் மோதித் திரும்பிய எச்சரிக்கை எவ்வளவு மெய்யானது என்பதை அந்தக் கற்களே பேசின.

நாம் கேட்கவேண்டியவை

1964 டிசம்பரில் பம்பாயில் நடந்த உலக நற்கருணை மாநாட்டுக்கு வந்த திருத்தந்தை ஆறாம் சின்னப்பர், நாடுகள் படைக்கலங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியையேனும் ஒதுக்கி, ஏழைகளுக்கான உலக நிதி ஒன்றை ஏற்படுத்த வேண்டுமென மன்றாடினார். 1967-இல் ‘மக்களின் முன்னேற்றம்’ என்னும் சுற்றுமடலிலும் அதையே வற்புறுத்தினார். நம் மண்ணில் நின்று விடுக்கப்பட்ட அவ்வேண்டுகோள் இன்றும் நிறைவேறாமலே இருக்கிறது.

போரைப்பற்றிப் பேசும்போது, நமக்கென்ன தெரியும், பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஒதுங்கிவிடுவது எளிய குடும்பங்களின் இயல்பு. ஆனால் கணக்குப் பார்ப்பது நமக்குத் தெரியாத கலையா? மாதக் கடைசியில் அரிசிப் பானையின் அடியைக் கண்டவர்களுக்கு, ஆட்சியாளரிடம் மூன்று கேள்விகள் கேட்க எல்லா உரிமையும் உண்டு. இதற்கு எவ்வளவு ஆகும்? பணம் எங்கிருந்து வரும்? இதற்காக எந்தப் பிள்ளையின் பங்கு குறையும்? இந்த மூன்றுக்கும் நேர்மையான விடை கிடைக்காத இடத்தில், சமாதானத்துக்குத் தூதனுப்ப இன்னும் நேரமிருக்கிறது என்பதே பொருள்.