கொல்லிமலைச் சிற்றூர்களும் சாமைச் சோறும்

தமிழகத்தின் நாமக்கல் மாவட்டத்திலே சமவெளியினின்றும் செங்குத்தாக எழுந்து நிற்கும் கொல்லிமலையைத் தமிழ் பயின்றோர் ஏட்டின் வாயிலாக முன்னரே அறிவர். விற்றிறனாற் புகழ்பெற்ற வல்வில் ஓரி ஆண்டது அம்மலை. கண்டாரை மயக்கிக் கொல்லும் என்று கூறப்படும் கொல்லிப்பாவை நின்றதும் ஆண்டே. அம்பலவாணக் கவிராயரின் அறப்பளீசுர சதகத்தை இளமையில் மனனஞ் செய்தோர், அச்சதகத்துத் தலைவன் கோயில் கொண்டிருப்பது இம்மலையின் வளப்பூர் நாட்டிலே என்பதறிந்தால் மகிழ்வர்.

இன்று அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே செல்கின்றது. அருவியைக் கண்டு அன்றே இறங்குவோர்க்கு அது போதும். மக்கள் வாழ்வை அறிய விழைவோர் செம்மேட்டில் இறங்கி, ஊருக்கு ஊர் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் நடத்தல் வேண்டும். மலைமேல் ஊர்கள் 14 நாடுகளாக வகுக்கப்பட்டுள்ளன. அவற்றில் வாழும் மலையாளிகள் எனப்படுவோர் கேரளத்தார் அல்லர். மலையை ஆள்வோர் என்னும் பொருளிலேயே அப்பெயரை வழங்குவர். அவர்தம் மொழி தமிழே. காஞ்சியினின்றும் புறப்பட்ட உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளிற் குடியேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் குலக்கதை.

நடந்து செல்வோர் முதலிற் காண விரும்புவது தினையும் சாமையும் விளையும் சரிவுகளையே. குறிஞ்சித்திணையைப் படித்தவர்க்கு அவ்விருப்பம் இயல்பு. ஆனால் கண்ணிற் படுவது பெரும்பாலும் மரவள்ளி. சேலத்தைச் சூழ்ந்த சவ்வரிசி ஆலைகள் அதனை விலைகொடுத்து வாங்குவதால், சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் சிறுதானியப் புனங்கள் பல மரவள்ளித் தோட்டங்களாயின. காசு கைக்கு வந்தது. மண் வளம் குன்றியது.

எனினும் இம்மாற்றத்துக்குக் காசு ஒன்றையே காரணமாகக் கூறுதல் பொருந்தாது. உணவைப் புகழ்வோர் பெரும்பாலும் மறந்துவிடும் காரணம் மற்றொன்றுண்டு, அஃது உலக்கை. ஈழத்தார் குரக்கன் என்று வழங்கும் கேழ்வரகைத் திரிகையில் இட்டு அரைத்தாற் போதும், களிக்கு மா ஆகிவிடும். சாமை அத்தகையதன்று. அதன் மணி மிகச் சிறிது. உமியோ கடினமானது, மணியை இறுகப் பற்றியிருப்பது. உரலிலிட்டுக் குத்திப் புடைத்து, உமி நீங்காதவற்றை மீண்டும் குத்திப் புடைத்தால்தான் அரிசி கிடைக்கும். இவ்வேலை முழுவதும் பெண்கள் தோளில் விழுந்தது. நாள் முழுதும் காட்டிலே களையெடுத்து மீண்டவள் மாலையில் உலக்கையைக் கையிலெடுத்தாள். நியாயவிலைக் கடையில் நெல்லரிசி மலிவாகக் கிடைத்து, 2011ஆம் ஆண்டு முதல் விலையின்றியே கிடைக்கவும், அவள் உலக்கையைச் சுவரிற் சாய்த்து வைத்ததிற் குறைகாண யாருக்கு உரிமையுண்டு? பழைய உணவு அழிகின்றதே என்று இரங்கும் நகரத்தார் அதனைக் குத்தியவர் அல்லர்.

இவ்வுண்மையை நன்குணர்ந்து செயற்பட்டது எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம். 1990களிலிருந்து அது கொல்லிமலை ஊர்களிற் பணியாற்றி, உமி நீக்கும் சிறு பொறிகளை மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்தது. வெள்ளைப்பெருஞ்சாமை, கட்டவெட்டிச்சாமை முதலிய நாட்டு வகைகள் அற்றுப்போகாதவாறு ஊர்தோறும் விதை வங்கிகள் அமையவும் துணைசெய்தது. சாமையைச் சந்தைக்கு அனுப்பவும் வழி பிறந்தது. ஆயினும் மரவள்ளி இழந்த நிலம் முழுவதையும் திருப்பித் தந்துவிடவில்லை.

சாமைச் சோறு சற்றே உதிரியாக இருக்கும். மொச்சைக் குழம்போடும் காட்டுக் கீரையோடும் உண்ணச் சுவை மிகும். பலாப்பழக் காலமாயின் மலைத்தேனும் உடன் கிடைக்கலாம். ஆனால் பொறியில்லாத ஊரில் அச்சோற்றை உண்ண விரும்புவோர் முதல்நாளே சொல்லிவைத்தல் முறை. வீட்டிலுள்ள அரிசி நெல்லரிசியாகவே இருக்கும். சாமையை அதன்பின்னரே குதிரிலிருந்து எடுத்துக் குத்தவேண்டும்.