தொழுகை நேரம் சொன்ன செயலி, நம் இருப்பிடத்தை யாரிடம் சொன்னது?

தொழுகை நேரம் பார்க்க, கிப்லா திசை அறிய, பாங்கு ஒலிக்க, குர்ஆன் ஓத என்று ஏதாவது ஒரு செயலி இல்லாத கைபேசி இன்று நம் சமுதாயத்தில் அரிது. வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் மகன் அம்மாவின் போனில் முதலில் ஏற்றித் தருவதும் பெரும்பாலும் அதுதான். ஏற்றியவுடன் செயலி ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் இருப்பிடத்தை அறிய அனுமதிக்கிறீர்களா? தொழுகைக்குத்தானே கேட்கிறது என்று நாமும் அனுமதி கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு தொடுதலில் நாம் எதற்கெல்லாம் சம்மதித்தோம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை.

2020 நவம்பரில் அமெரிக்காவின் மதர்போர்டு இணைய இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. உலகெங்கும் 9 கோடிக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்ட 'முஸ்லிம் புரோ' என்ற தொழுகை நேரச் செயலி, தன்னைப் பயன்படுத்துவோரின் இருப்பிடத் தகவலை எக்ஸ்-மோடு என்ற நிறுவனத்துக்கு அனுப்பி வந்தது. எக்ஸ்-மோடு அதை ஒப்பந்த நிறுவனங்களுக்கு விற்றது. அந்த ஒப்பந்த நிறுவனங்களின் வழியே அது அமெரிக்க ராணுவத்தைச் சென்றடைந்தது. செய்தியின் சுருக்கம் இதுதான். முஸ்லிம் புரோவை நடத்தும் பிட்ஸ்மீடியா சிங்கப்பூரில் இயங்குவது. நம் தமிழ் முஸ்லிம்கள் மூன்று, நான்கு தலைமுறையாக வாழும் ஊர் அது.

ஆதாரம் இல்லாமல் எவர் மீதும் பழி சுமத்துவது நமக்கு ஆகுமானதல்ல. எனவே மறுதரப்பையும் சொல்லிவிடுகிறோம். ராணுவத்துக்கு நாங்கள் விற்கவில்லை என்று அந்நிறுவனம் மறுத்தது. அதேசமயம் எக்ஸ்-மோடு உள்ளிட்ட தகவல் பங்காளிகளுடனான தொடர்பை உடனடியாக நிறுத்துவதாகவும் அறிவித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. செயலிக்காரர் ராணுவத்துக்கு விற்கவில்லை, தரகருக்குக் கொடுத்தார். தரகர் யாருக்கு விற்றார் என்பது அவருடைய வியாபாரம்.

அடுத்த மாதமே ஆப்பிளும் கூகுளும் எக்ஸ்-மோடின் மென்பொருள் துண்டைச் செயலிகளிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டன. எக்ஸ்-மோடு பின்னர் அவுட்லாஜிக் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம், மருத்துவமனை, வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குச் சென்று வந்தவர்களின் இருப்பிடத் தகவலை விற்க அந்நிறுவனத்துக்குத் தடை விதித்தது. இவ்வகையில் அந்த ஆணையம் பிறப்பித்த முதல் தடை அது. இடையில் 2022-இல் 'அல்-முஅத்தின் லைட்' என்ற பாங்குச் செயலியிலும் வேறொரு நிறுவனத்தின் தகவல் திரட்டும் துண்டு இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். கூகுள் அதைத் தன் கடையிலிருந்து தற்காலிகமாக எடுத்தது. ஆக இது ஒரு செயலியின் கதை அல்ல.

இது நடக்கும் விதம் எளிமையானது. செயலியை எழுதுபவர் எல்லாவற்றையும் தானே எழுதுவதில்லை. விளம்பரம் காட்ட ஒன்று, வரைபடத்துக்கு ஒன்று என்று ஆயத்த மென்பொருள் துண்டுகளை வாங்கி உள்ளே வைப்பார். எஸ்.டி.கே. என்று அதைச் சொல்வார்கள். சில துண்டுகளை வைத்தால் வைப்பவருக்குப் பணமும் கிடைக்கும். நாம் தொழுகைச் செயலிக்கு அனுமதி கொடுத்தால், உள்ளே குடியிருக்கும் துண்டுகளுக்கும் அந்த அனுமதி போய்ச் சேர்கிறது. வாசலில் ஒருவருக்குக் கதவைத் திறந்தோம். அவர் பின்னால் நான்கு பேர் நுழைந்தார்கள்.

"பெயர் எதையும் எடுப்பதில்லை, வெறும் எண்தான்" என்று நிறுவனங்கள் சொல்வது வழக்கம். ஒவ்வொரு கைபேசிக்கும் ஒரு விளம்பர அடையாள எண் உண்டு. அந்த எண் இரவெல்லாம் ஒரு தெருவில் ஒரு வீட்டில் இருக்கிறது. ஃபஜ்ருக்கு ஒரு பள்ளிவாசலில் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்கு ஒரு மில்லிலோ பள்ளிக்கூடத்திலோ இருக்கிறது. இதற்கு மேல் பெயர் எதற்கு? ராஜபாளையம் போன்ற ஊரில் தெருவில் நிற்கும் சிறுவனிடம் இந்த மூன்றையும் சொன்னால் ஆளைக் காட்டிவிடுவான்.

தொழுகைக்கு எவ்வளவு இருப்பிடம் தேவை?

சரி, இருப்பிடம் தெரியாமல் தொழுகை நேரத்தை எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்கைப் பார்ப்போம். சூரியன் ஒரு தீர்க்கரேகைப் பாகையைக் கடக்க 4 நிமிடம் ஆகிறது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே தீர்க்கரேகை வேறுபாடு பாகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதாவது இரு ஊர்களுக்கும் ளுஹர் நேரத்தில் வரும் வித்தியாசம் அரை நிமிடத்துக்கும் குறைவு. கிப்லாவும் அப்படியே: இந்த வட்டாரம் முழுவதற்கும் மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 23 பாகை. ஊர் பெயர் தெரிந்தால் போதும். எந்தத் தெரு, எந்த வீடு, எந்த நேரத்தில் எங்கே போனோம் என்பது நேரக் கணக்குக்குத் தேவையே இல்லை.

இதில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய திருவண்ணாமலையில் இருப்பவர்கள் செயலியில் ஊர் பெயரைத் தட்டினால், அது வடக்கே மாவட்டத் தலைநகரான திருவண்ணாமலையை எடுத்துக்கொள்ளக்கூடும். அது நமக்குக் கிழக்கே இருக்கிறது. தீர்க்கரேகைக் கணக்கில் மட்டும் ஏறத்தாழ ஆறு நிமிடம் முந்தும். பருவத்தைப் பொறுத்து கூடவும் குறையவும் செய்யும். அந்த நேரத்தை நம்பி நோன்பு திறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றே தேர்ந்தெடுங்கள்.

அனுமதி என்றால் என்ன?

பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்பதும், திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்பதும் ஸூரத்துந் நூர் நமக்குக் கற்றுத் தரும் ஒழுக்கம். கதவு இடுக்கு வழியாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்த செய்தி புகாரியில் உண்டு. அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாகத்தான் என்று அங்கே விளக்கம் வருகிறது. ஆக, கால் உள்ளே வைப்பது மட்டும் நுழைவதல்ல; கண் நுழைந்தாலும் நுழைந்ததுதான்.

இன்னொன்றும் உண்டு. வியாபாரம் இரு தரப்பின் மனமொப்பலோடு நடக்க வேண்டும். விற்கும் பொருள் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும் என்பது ஃபிக்ஹில் ஆரம்ப வகுப்புப் பாடம். கடலில் நீந்தும் மீனையும், வானில் பறக்கும் பறவையையும் விற்பது ஏன் கூடாது என்று மதரஸா மாணவரைக் கேட்டாலே சொல்வார். இலவசச் செயலிக்கு நாம் விலை கொடுக்கிறோம். என்ன கொடுத்தோம், எவ்வளவு கொடுத்தோம், யாரிடம் போனது என்பது நமக்குத் தெரியாது. பல பக்கங்கள் ஓடும் ஆங்கில ஒப்பந்தத்தின் அடியில் ஒரு பொத்தானைத் தொட்டதை ரிளா என்று, அதாவது மனமுவந்த சம்மதம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

நம் தகவலாவது நம்முடையது. போனில் உள்ள தொடர்பு எண்கள் நம்முடையவை அல்ல. சகோதரியின் எண், மருமகளின் எண், பக்கத்து வீட்டுப் பெண்ணின் எண் எல்லாம் நம்மிடம் அமானிதம். கடன் செயலிகள் இதைத்தான் ஆயுதமாக்கின. சில ஆயிரம் ரூபாய் கடனுக்குத் தொடர்பு எண்கள் அனைத்தையும் அள்ளிக்கொண்டு, தவணை தவறினால் உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து அவமானப்படுத்தினார்கள். 2021 ஜனவரித் தொடக்கத்தில் சென்னை காவல்துறை இப்படி ஒரு வழக்கில் சீன நாட்டவர் இருவரையும் கைது செய்தது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பதிவுகளையும் படங்களையும் தொடக் கூடாது என்று விதித்தது. வட்டியின் ஹராம் ஒரு பக்கம் இருக்கட்டும்; கடன் வாங்காத உறவினரின் மானத்தை அடகு வைக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

காவலர் வேடத்தில் வியாபாரிகள்

2021 ஏப்ரலில் ஆப்பிள் தன் ஐபோன்களில் ஒரு மாற்றம் செய்தது. பிற செயலிகளிலும் தளங்களிலும் நம்மைப் பின்தொடர விரும்பும் செயலி, முதலில் நம்மிடம் கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் விளம்பர அடையாள எண் அதற்குக் கிடைக்காது. நல்ல வசதி. இதை எதிர்த்து ஃபேஸ்புக் 2020 டிசம்பரிலேயே அமெரிக்க நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, சிறு வணிகர்களுக்காகக் கண்ணீர் விட்டது. 2022-இல் மட்டும் இதனால் சுமார் 1,000 கோடி டாலர் வருவாய் போகும் என்று பிறகு அதே நிறுவனம் கணக்குச் சொன்னது. யாருக்காக அழுதார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

அப்படியானால் ஆப்பிள் நம் காவலரா? 2025 மார்ச் 31 அன்று பிரான்ஸின் போட்டி ஆணையம் இதே ஏற்பாட்டுக்காக ஆப்பிளுக்கு 15 கோடி யூரோ அபராதம் விதித்தது. நோக்கத்தைக் குறை சொல்லவில்லை. செயல்படுத்திய விதம் பிறருக்கு ஒரு அளவுகோலும் தனக்கு ஒரு அளவுகோலுமாக இருந்தது என்பது குற்றச்சாட்டு. ஆப்பிளுக்கும் சொந்தமாக விளம்பரத் தொழில் இருக்கிறது. இன்னொரு உண்மை அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது: ஐபோனில் தேடுபொறியாகத் தன்னையே வைத்திருக்க 2022-இல் கூகுள் ஆப்பிளுக்குக் கொடுத்த தொகை 2,000 கோடி டாலர். உலகிலேயே மிகப் பெரிய விளம்பர நிறுவனத்துக்கு வாசலைத் திறந்துவிட்டு வாடகை வாங்குபவர், மற்றவர்களை வாசலில் நிறுத்திச் சோதிக்கிறார். சோதனை நமக்கு நல்லதுதான். பயன்படுத்திக்கொள்வோம். அதற்காக அவரைப் புகழ்ந்து கவிதை பாட வேண்டியதில்லை.

கூகுளோ 2022 பிப்ரவரியில் ஆண்ட்ராய்டுக்கும் இதுபோல் ஒன்று கொண்டுவருவதாகப் பெரிதாக அறிவித்தது. 2025 அக்டோபரில் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டது. விளம்பரத்தில் பிழைப்பவர் விளம்பரத்தை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்துவார்?

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய கொள்கையை அனுப்பி, பிப்ரவரி 8-க்குள் ஏற்காவிட்டால் கணக்கைப் பயன்படுத்த முடியாது என்றது. எதிர்ப்பு கிளம்பியதும் நம் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம். கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது. ஏற்றுக்கொள் அல்லது வெளியேறு என்பது சம்மதமாகாது என்ற அடிப்படையில், 2024 நவம்பர் 18 அன்று இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐந்தாண்டுகளுக்கு வாட்ஸ்அப் தகவலை விளம்பரத்துக்காகப் பகிரவும் தடை போட்டது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை நிலைநிறுத்தியது. ஐந்தாண்டுத் தடையை மட்டும் நீக்கியது. எந்தப் பகுதி அந்த நிறுவனத்துக்கு உண்மையில் வலித்திருக்கும் என்பது வாசகர்களுக்கே தெரியும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சியாக 2023-இல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சம்மதம் சுதந்திரமாகவும், குறிப்பிட்ட நோக்கத்துக்காகவும், விவரம் தெரிந்தும் தரப்பட வேண்டும் என்கிறது அச்சட்டம். அதிலேயே ஓர் உதாரணம் உண்டு: மருத்துவ ஆலோசனைச் செயலி தொடர்பு எண்களையும் கேட்டு, நாம் இரண்டுக்கும் சரி என்று சொல்லியிருந்தாலும், மருத்துவத்துக்கான சம்மதம் மட்டுமே செல்லும். தகவல் அறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறலாம். 18 வயதுக்குட்பட்டவரின் தகவலுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. ஆனால் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம். அரசுத் துறைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரமும் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதுவே நமக்குப் பெரிய கவலை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், பிரைவசி, ஆட்ஸ் என்று போனால் டெலீட் அட்வர்டைசிங் ஐடி என்று இருக்கும். ஒருமுறை தொட்டால் அந்த எண் அழிந்துவிடும். ஐபோனில் பிரைவசிக்குள் டிராக்கிங் என்ற பகுதியை அணைத்துவிடுங்கள். தொழுகைச் செயலியின் இருப்பிட அனுமதியை நீக்கிவிட்டு ஊர் பெயரைக் கையால் கொடுங்கள். அப்படிக் கொடுக்க வழியில்லாத செயலியானால், துல்லிய இருப்பிடத்தை அணைத்து, பயன்படுத்தும்போது மட்டும் என்று வையுங்கள். தொடர்பு எண்களைக் கேட்கும் கிப்லாச் செயலியோ டார்ச் செயலியோ இருந்தால் நீக்கிவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களின் போன்களில் இதை நீங்களே உட்கார்ந்து செய்து கொடுங்கள். ஒரு போனுக்குப் பத்து நிமிடம் ஆகும். ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: குடும்பப் பதிவேட்டை இணையப் படிவத்தில் நிரப்பச் சொல்லும்போது, ஆதார் எண்ணும் பெண்களின் போன் எண்ணும் எதற்கு, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதை அந்தப் படிவத்தின் மேலேயே தமிழில் எழுதிவிடுங்கள்.