ஓடும்போது ஜம்முனு ஓடுது, நின்னா ஆஃப் ஆகுது: பழைய காரின் 'ஏர் லீக்' எங்கே ஒளிஞ்சிருக்கு?

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் ரோட்டில் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிற பழைய கார், ரயில்வே கேட் மூடியிருக்கிறது என்று நின்றதும் நடுங்க ஆரம்பிக்கும். ஐட்லிங் ஏறும், இறங்கும், கடைசியில் 'டப்'னு ஆஃப். மறுபடி ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருந்தால்தான் உயிரோடு இருக்கும்.

"அண்ணாச்சி, ஓடுறப்ப நல்லாத்தான் ஓடுது. நிப்பாட்டுனா நிக்க மாட்டேங்கு" என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால், அதற்குப் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே வரிசைதான். முதலில் பிளக் மாற்றுவார்கள். அப்புறம் கார்ப்பரேட்டரைக் கழற்றி சர்வீஸ். அதற்கும் சரியாகவில்லை என்றால் காயில், பெட்ரோல் பம்ப், கடைசியில் "கார்ப்பரேட்டரே போச்சு, புதுசு போட்டுரலாம்". ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி பில். இத்தனைக்கும் காரணம் விரல் நீளத்துக்கு ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருப்பதாக இருக்கலாம். 'வேக்கம் லீக்' என்று பொறியியல் புத்தகங்களும் 'ஏர் இழுக்கு' என்று மெக்கானிக்குகளும் சொல்வது இதைத்தான்.

வரப்பில் நண்டு வளை

பெட்ரோல் எஞ்சின் அடிப்படையில் உறிஞ்சும் இயந்திரம். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கிறது. எவ்வளவு காற்று உள்ளே போகலாம் என்பதை ஆக்சிலேட்டரோடு இணைந்த த்ராட்டில் தகடு முடிவு செய்கிறது. அந்தக் காற்றுக்கு ஏற்ற அளவு பெட்ரோலை கார்ப்பரேட்டர் கலந்து கொடுக்கிறது. சுத்தமான பெட்ரோல் முழுமையாக எரிய, எடைக் கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும்.

வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடிக் கிடக்கிறது. எஞ்சினோ இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால் த்ராட்டிலுக்குப் பின்னால் உள்ள இன்டேக் மேனிஃபோல்டு குழாயில் அழுத்தம் வெளிக்காற்றை விட வெகுவாகக் குறைந்துவிடுகிறது. நல்ல எஞ்சினில் இந்த வேக்கம், பாதரசக் கணக்கில் 17 முதல் 21 அங்குலம் வரை இருக்கும். இந்தப் பகுதியில் எங்காவது ஒரு ஓட்டை விழுந்தால் வெளிக்காற்று அது வழியாகப் பாய்ந்து உள்ளே போகும். கார்ப்பரேட்டர் கணக்கில் அந்தக் காற்று இல்லை. அதற்கான பெட்ரோலும் வராது. கலவை மெலிந்து, சிலிண்டர் எரியாமல் தவறவிடும்.

தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். கால்வாயில் தண்ணீர் கரை தட்டிப் போகும்போது, வரப்பில் ஒரு நண்டு வளை வழியாகக் கசிவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மடையை முக்கால்வாசி அடைத்து, அளந்து தண்ணீர் பாய்ச்சும்போதுதான் அந்த வளை கணக்கையே மாற்றிவிடும். எஞ்சினிலும் அப்படியே. ரோட்டில் ஓடும்போது த்ராட்டில் திறந்திருக்கிறது, நிறையக் காற்று வருகிறது, அதில் கசிவின் பங்கு சொற்பம். ஐட்லிங்கில் அதே கசிவு மொத்தக் காற்றில் பெரிய பங்கு. 'ஓடும்போது நல்லா இருக்கு, நின்னா பிரச்சினை' என்பது ஏர் லீக்கின் கையெழுத்து என்று சொல்வது இதனால்தான்.

உறிஞ்சும் எஞ்சினுக்கும் நெல்லைச் சீமைக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. திருக்குறுங்குடியில் 1877-ல் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார், இரண்டாம் உலகப் போர் கால பெட்ரோல் தட்டுப்பாட்டின்போது கரியை எரித்து வரும் வாயுவில் வண்டி ஓட்டும் 'டிவிஎஸ் கேஸ் பிளான்ட்'டை உருவாக்கினார். கரி வாயு வண்டிகளில் எஞ்சினின் உறிஞ்சலே வாயுவை அடுப்பிலிருந்து இழுத்து வந்தது. நடுவில் ஒரு இணைப்பு கசிந்தாலும் வண்டி இழுக்காது.

ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில்?

1983 டிசம்பரில் வந்த மாருதி 800, பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி எல்லாம் கார்ப்பரேட்டர் வண்டிகள். 2000-ஐ ஒட்டி புகை விதிகள் கடுமையான பிறகு எம்பிஎஃப்ஐ கார்கள் வந்தன. அவற்றுக்கும் இப்போது 20 வயதுக்கு மேல் ஆகிவிட்டது. அவற்றிலும் ஏர் லீக் வரும், முகம்தான் வேறு. மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், கூடுதல் காற்றை கம்ப்யூட்டர் உணர்ந்து பெட்ரோலையும் கூட்டிவிடும். அதனால் ஆஃப் ஆவதற்குப் பதில் ஐட்லிங் எகிறி நிற்கும். உள்ளே வரும் காற்றையே வாசலில் அளக்கும் சென்சார் உள்ள வண்டியில், அளவுக்குள் வராத காற்று கலவையை மெலிய வைக்கும். ஸ்கேனரில் 'பி0171' என்ற கோடு வந்தால் கலவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொன்னால், கொஞ்சம் பொறுங்கள். சென்சார் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ரப்பருக்கு வயசாகுது, பெட்ரோலும் மாறிடுச்சு

பாளையங்கோட்டையில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. பானட்டுக்கு அடியில் வெப்பம் இன்னும் அதிகம். வருடக்கணக்கில் வெந்த ரப்பர் ஹோஸ் பிளாஸ்டிக் மாதிரி விறைத்து, முனையில் வெடிப்பு விடும்.

இதோடு எத்தனால் சேர்ந்துகொண்டது. 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் பரவலானது. சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டையும் மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே அந்த ஆகஸ்டில் சொன்னது.

அதிகம் பேசப்படாத இன்னொரு விஷயம் இருக்கிறது. எத்தனால் எரியக் குறைந்த காற்று போதும். இ20-க்கான விகிதம் சுமார் 13.5-தான். 14.7-க்கு ஜெட் அளவு வைத்த பழைய கார்ப்பரேட்டருக்கு இது தெரியாது. ஆகவே லீக் எதுவும் இல்லாமலேயே கலவை கொஞ்சம் மெலிந்துதான் இருக்கும். முன்பு வெளியே தெரியாத சின்னக் கசிவு இப்போது வண்டியை நிறுத்திவிடும். 'பெட்ரோல்தான் சரியில்லை' என்று பழி போடுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்கலாம். பெட்ரோலால் வரும் மெலிவு எல்லா வேகத்திலும் இருக்கும். லீக் ஐட்லிங்கில்தான் அதிகம் கடிக்கும்.

தேடுவது எப்படி?

காசு செலவில்லாத வேலையிலிருந்து தொடங்குவதுதான் முறை. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, திறந்த வெளியில் ஐட்லிங்கில் விடுங்கள். ஃபேன் பக்கம் துணி, துப்பட்டா, தொங்கும் ஐடி கார்டு எதுவும் போகக் கூடாது. காதைத் தீட்டினால் பெரும்பாலும் 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல் கேட்கும். இடம் பிடிபடவில்லை என்றால் ஒரு முழ நீள ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஹோஸ்கள் ஓரமாக நகர்த்தலாம். டாக்டர் ஸ்டெதஸ்கோப் மாதிரிதான்.

அடுத்தது ஹோஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பது. முனைகளையும் 'டி' இணைப்புகளையும் எஞ்சினை அணைத்துவிட்டு வளைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் புதிதாகத் தெரியும் ஹோஸ் முனையில் வெடித்திருக்கும். சிலது அடிப்பக்கம் கிழிந்திருக்கும், மேலே பார்த்தால் தெரியவே தெரியாது.

பிறகு அடைத்துப் பார்க்கும் சோதனை. அனுபவமுள்ள மெக்கானிக் செய்வதிலேயே உருப்படியானது இதுதான். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஹோஸையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அந்த வாயை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். எதை அடைத்ததும் ஐட்லிங் சீராகிறதோ அந்த லைனில்தான் கோளாறு. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கம் அட்வான்ஸ், கிராங்க்கேஸ் புகையை இழுக்கும் பிசிவி வால்வு, பிரேக் பூஸ்டர், சில வண்டிகளில் ஏசி ஐட்லிங் ஏற்றி என்று நாலைந்து லைன்தான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர் டயாஃப்ரம் கிழிந்திருப்பது அடிக்கடி கண்ணில் தப்பும். அந்த ஹோஸை வாயால் உறிஞ்சி, நாக்கால் அடைத்தால் இழுவை நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் டயாஃப்ரம் போச்சு.

எல்லா லைனையும் அடைத்தும் மாறவில்லையா? அப்போது கேஸ்கட். கார்ப்பரேட்டருக்கு அடியில் உள்ள பேக்கிங், மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள கேஸ்கட், இல்லையென்றால் தேய்ந்துபோன த்ராட்டில் ஷாஃப்ட். இங்கேதான் பல ஒர்க்‌ஷாப்களில் ஊசியிலோ பாட்டிலிலோ பெட்ரோலைப் பீய்ச்சி, ரேஸ் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். தத்துவம் சரி, வேலை ஆபத்து. அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஒரே பக்கம். பெட்ரோல் தெறித்து விழுவது பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் மேல். கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயும் தீப்பிடிக்கும் சரக்குதான். ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்க்கும் யோசனையும் வேண்டாம்.

தண்ணீர் போதும். துணி இஸ்திரி போடும்போது அடிக்கும் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, பேக்கிங் ஓரங்களில் மட்டும் லேசாக அடித்தால், கசியும் இடத்தை அது ஒரு நொடி மூடும். சீறல் மாறும், ஐட்லிங் தடுமாறும். பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மேல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதிலும் பிடிபடாத கசிவுக்குப் பெரிய ஒர்க்‌ஷாப்களில் ஸ்மோக் மெஷின் இருக்கிறது. எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளே புகை ஏற்றுவார்கள், புகை வெளியே வரும் இடம்தான் ஓட்டை.

மாஞ்சோலையில் மீட்டர் 'பொய்' சொல்லும்

வேக்கம் கேஜ் ஒன்றை மாட்டினால் ஆரோக்கியம் எண்ணிலேயே தெரியும். முள் 17-21க்குள் அசையாமல் நின்றால் நல்லது. அசையாமல், ஆனால் நாலைந்து அங்குலம் கீழே நின்றால் லீக் அல்லது டைமிங் பின்தங்கியிருக்கிறது. ஆனால், இந்த எண்கள் சமவெளிக்கானவை. ஏறும் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் ஒரு அங்குலம் குறையும். திருநெல்வேலியில் 19 காட்டிய அதே எஞ்சின், 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் மாஞ்சோலையில் 16-க்குப் பக்கத்தில் காட்டும். அது நோய் இல்லை, மலை.

பெடல் கல்லு மாதிரி ஆனால்

ஐட்லிங் துடிப்பது எரிச்சல். பிரேக் பூஸ்டர் லைன் கசிவது உயிர்ப் பிரச்சினை. பூஸ்டர் உள்ள பெட்ரோல் கார்களில், நம் காலின் பலத்தைப் பெருக்குவது இதே மேனிஃபோல்டு வேக்கம்தான். அது போனால் பிரேக் வேலை செய்யாமல் போகாது. ஆனால், பெடல் கல் மாதிரி இறுகி, பல மடங்கு பலமாக மிதிக்க வேண்டியிருக்கும். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறிவிட்டு இறங்கும்போது, வளைவுக்கு நடுவில் எஞ்சின் ஆஃப் ஆகி இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சோதிக்க ஒரு நிமிடம் போதும். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், இறுகும். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மலைப் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். அணைத்த பிறகும் முதல் ஒன்றிரண்டு மிதிக்குப் பெடல் மென்மையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவழி வால்வு வேக்கத்தைப் பிடித்து வைக்கவில்லை. டீசல் வண்டிகளில் மேனிஃபோல்டு வேக்கம் கிடையாது என்பதால் தனி வேக்கம் பம்ப் இருக்கும். அதன் ஹோஸுக்கும் இதே வயசுதான் ஆகிறது.

ஆர்எக்ஸ்100 வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கார்ப்பரேட்டர் ரப்பர் ஜாயின்ட் வெடித்தாலோ கிராங்க் ஆயில் சீல் கசிந்தாலோ, மெலிந்த கலவை பிஸ்டனைச் சூடேற்றி எஞ்சினையே சீஸ் ஆக்கிவிடும். ஐட்லிங் இறங்க நேரமாகிறது என்றால் அதை 'ரேஸிங் சவுண்டு' என்று ரசித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

லீக்கை அடைத்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கும். வண்டி ஆஃப் ஆகாமல் இருக்க, முன்பே யாராவது ஐட்லிங் ஸ்க்ரூவையும் மிக்ஸர் ஸ்க்ரூவையும் திருகி வைத்திருப்பார்கள். கசிவு நின்றதும் அதே அமைப்பில் ஐட்லிங் தவறாகவும் கலவை கெட்டியாகவும் இருக்கும், பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும். புகைப் பரிசோதனையிலும் மாட்டலாம். "அண்ணாச்சி, ட்யூனிங்கையும் ஒருதடவ பாத்துருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.